ஒட்டியது எது? ஒட்டவைத்தது யார்?



இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு தடய அறிவியல். துப்பறியும் கதை கேட்கலாம் என்று வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்தருள வேண்டும். நான் பேசப்போவது தூசியைப் பற்றி. தூள், துகள், கறை, பிசுக்கு இவற்றைப் பற்றி. கண்ணுக்கே தெரியாத ஒரு துகள் ஒரு பொருளின்மேல் ஏன் ஒட்டுகிறது? எதன்மேல் அதிகம் ஒட்டுகிறது? எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறது? இந்த மூன்று கேள்விக்கும் விஞ்ஞானம் நன்றாகவே பதில் சொல்லும். நாலாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. ஒட்டியது எது என்று தெரிந்துவிட்டால், ஒட்டவைத்தது யார் என்பதும் தெரிந்துவிடுமா? அந்தக் கேள்வியைத்தான் இன்று நான் திரும்பத் திரும்பக் கேட்கப்போகிறேன்.

இங்கே வருமுன் கபாலீசுவரர் சந்நிதிக்குப் போய்வந்தவர்கள் சிலராவது இருப்பீர்கள். குருக்கள் தந்த விபூதியை நெற்றியில் இட்டுக்கொண்டீர்கள். மிச்சத்தை என்ன செய்தீர்கள்? தூணில் தட்டியிருப்பீர்கள். தட்டாதீர்கள் என்று எழுதிவைத்தாலும் தட்டுவோம், அது நம் வழக்கம். பிறகு கையை வேட்டியில் துடைத்திருப்பீர்கள். ஆக, ஒரே விபூதி இப்போது நாலு இடத்தில் இருக்கிறது. நாலு இடத்திலும் ஒரே மாதிரியா இருக்கிறது? நெற்றியில் இட்டது வியர்வையில் நனைந்து கரைந்து இறங்குகிறது. கருங்கல் தூணின் உளிக்கொத்துப் பள்ளத்தில் விழுந்தது, போன மாதம் விழுந்ததோடு சேர்ந்து அங்கேயே கிடக்கிறது. உள்ளங்கையில் ரேகைப் பள்ளங்களில் மட்டும் வெள்ளைக் கோடாக நிற்கிறது. வேட்டியில் பட்டது நூலிழைகளுக்கு நடுவே புகுந்துகொள்கிறது. உதறினால் போகாது, துவைத்தால்தான் போகும். தூள் ஒன்றுதான். பரப்பு மாறினால் அதன் ஆயுள் மாறுகிறது.

ஏன் ஒட்டுகிறது? பசையா தடவியிருக்கிறோம்? இல்லை. எந்த இரண்டு பொருளும் மிக மிக நெருங்கினால் அவற்றின் மூலக்கூறுகளுக்கிடையே ஒரு சிறு ஈர்ப்பு பிறக்கிறது. மிகச் சிறிய ஈர்ப்பு. பெரிய கல்லை அது என்ன செய்துவிடும்? ஒன்றும் செய்யாது. தூளை? அங்கேதான் கணக்கு மாறுகிறது. ஒரு துகளின் குறுக்களவைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துப் பாருங்கள். அதன் எடை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். ஒட்டும் விசையோ ஏறத்தாழ பத்தில் ஒன்றாகத்தான் குறையும். அதாவது, கீழே விழவைக்கும் எடையோடு ஒப்பிட்டால், பிடித்துவைக்கும் விசை நூறு மடங்கு கூடிவிடுகிறது. அதனால்தான் கடுகு உருண்டு ஓடுகிறது, கடுகுப்பொடி கையோடு வருகிறது. குற்றவாளி கண்ணுக்குத் தெரிந்ததைத் துடைக்கிறான். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதே கடைசிவரை நிற்கிறது.

இதில் நம் சென்னைக்கு ஒரு தனிக் கணக்கும் உண்டு. குளிரும் வறட்சியும் சேர்ந்த நாடுகளில் நைலான் சட்டையில் நிலைமின்சாரம் ஏறித் துகளை இழுத்துப் பிடிக்கும். கடற்காற்றில் ஊறிய நம் ஊரில் அந்த மின்சாரம் நிலைக்காது, கசிந்து போய்விடும். பதிலுக்கு, துகளுக்கும் பரப்புக்கும் நடுவே ஈரப்பதம் ஒரு மெல்லிய நீர்ப்படலமாகச் சேர்ந்து, இரண்டையும் இழுத்து ஒட்டவைக்கும். அங்கே ஒரு விசை, இங்கே வேறொரு விசை. லண்டனில் செய்த சோதனையில் இத்தனை மணி நேரம் ஒட்டியிருந்தது என்று புத்தகத்தில் போட்டிருந்தால், அதை அப்படியே அடையாற்றுக்குக் கொண்டுவந்து நீதிமன்றத்தில் வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அடையாற்றுச் சட்டையை அடையாற்றுப் புழுக்கத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

பிரான்சு நாட்டில் லியோன் நகரில் 1910-ல் எட்மண்ட் லோகார்ட் என்பவர் நீதிமன்றக் கட்டடத்தின் மேல்மாடத்தில் ஒரு சிறு ஆய்வகம் தொடங்கினார். ஒன்றை ஒன்று தொட்டால் இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் ஏதோ ஒன்று மாறும் என்பது அவர் வழிவந்த கொள்கை. இதைத் தொலைக்காட்சித் தொடர்களிலெல்லாம் சொல்லிச் சொல்லி நமக்குப் பழகிவிட்டது. மாறியது எவ்வளவு நேரம் தங்கும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. 1975-ல் பிரிட்டனில் பவுண்ட்ஸ், ஸ்மால்டன் என்ற இருவர் துணி நூலிழைகளை வைத்துச் சோதித்தார்கள். ஒருவர் ஆடையிலிருந்து இன்னொருவர் ஆடைக்கு மாறிய இழைகளில் பெரும்பகுதி, போட்டுக்கொண்டு நடமாடிய முதல் சில மணி நேரத்திலேயே உதிர்ந்துபோயிற்று. தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தின ஞாயிறு நடந்து பாருங்கள். எத்தனை பேர் தோளில் உரசுகிறோம்! எத்தனை பேர் சட்டை இழை நம்மேல் ஏறுகிறது, எத்தனை இறங்குகிறது! உஸ்மான் சாலைக்கு வந்து சேரும்போது நாம் சுமப்பது யாருடைய இழை? வெள்ளைப் பருத்தி இழையும் நீல டெனிம் இழையும் கிடைத்தால் நிபுணர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஊரில் பாதிப் பேர் அதைத்தானே உடுத்துகிறார்கள்.

சரி, லியோனுக்கும் லண்டனுக்கும் போவானேன்? இந்த மயிலாப்பூரிலேயே, காமராஜர் சாலையில், கடலைப் பார்த்தபடி ஒரு கட்டடம் இருக்கிறது. தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் தலைமையகம். நடைப்பயிற்சிக்கு மெரினா போகிறவர்கள் நாள்தோறும் அதைத் தாண்டித்தான் போகிறீர்கள். அதன் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? 1849-ல் சென்னை மாகாணத்தில் இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் என்று ஒன்றை நிறுவினார்கள். இந்தியாவில் அதுவே முதல். கல்கத்தாவுக்கு 1853-ல்தான் வந்தது. ஆக்ராவுக்கு 1864, பம்பாய்க்கு 1870. லோகார்ட் மேல்மாடம் ஏறுவதற்கு அறுபது ஆண்டுக்கு முன்பே சென்னையில் தடயம் தேடிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

அன்றைக்கு அவர்களுக்கு வந்த வேலையில் பெரும்பகுதி விஷம். பாஷாணம், அதாவது ஆர்சனிக், கொடுத்துக் கொன்றதாகப் புகார் வரும். 1836-ல் ஜேம்ஸ் மார்ஷ் கண்டுபிடித்த சோதனை கைவசம் இருந்தது. வயிற்றுப் பொருளை அமிலத்தோடும் துத்தநாகத்தோடும் சேர்த்தால், பாஷாணம் இருந்தால் அது வாயுவாகக் கிளம்பும். அந்த வாயுவைக் கண்ணாடிக் குழாயில் விட்டுச் சூடாக்கினால் குழாயின் உட்சுவரில் பளபளவென்று ஒரு கருமை படியும். பாருங்கள், அங்கேயும் ஒட்டுதல்தான்! கொலைக்குச் சாட்சி கண்ணாடியில் ஒட்டிய ஒரு கருப்புப் படலம். இந்த மரபில் வந்தவர்கள்தான் பின்னாளில் துப்பாக்கியையும் வெடிகுண்டையும் ஆராய வேண்டி வந்தது.

1991 மே 21 இரவு. ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தியைக் கொன்ற குண்டுவெடிப்பு. நான் அதை விவரிக்க வேண்டியதில்லை. இங்கே இருப்பவர்களில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய யாருக்கும் அந்த இரவு மறக்காது. அப்போது நம் தடய அறிவியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தவர் டாக்டர் பி. சந்திரசேகரன். குண்டு எங்கே இருந்தது? மேடையிலா? தரையில் புதைத்திருந்ததா? பூங்கூடையிலா? ஆளுக்கொரு பேச்சு. அவர் மண்ணிலும் உடல்களிலும் சிதறிக் கிடந்த துணித்துண்டுகளைப் பொறுக்கினார். நீல டெனிம் துணி. அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் வெல்க்ரோ பட்டை. சிறு சிறு எஃகுக் குண்டுகள். ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்தின் எச்சம். இவற்றைச் சேர்த்துவைத்துப் பார்த்து, குண்டு ஒரு பெண்ணின் உடலில், ஆடைக்குள் கட்டப்பட்டிருந்தது என்று சொன்னார்.

சற்று முன்புதானே நீல டெனிமுக்கு மதிப்பில்லை என்று சொன்னேன்? இங்கே அது எப்படிப் பேசியது? ஒற்றை இழையாக யாரோ ஒருவர் சட்டையில் கிடந்தால் டெனிம் ஊமை. வெடிமருந்து ஏறி, கிழிந்து, வெல்க்ரோவோடு சேர்ந்து கிடந்தால் அதே டெனிம் வாய் திறக்கிறது. வெடிக்கும்போது மருந்து முழுவதும் எரிந்து தீர்ந்துவிடுவதில்லை. எரியாத துணுக்குகள் நாலாபுறமும் தெறிக்கின்றன. நெருக்கமாக நெய்த தடித்த பருத்தித் துணி அவற்றை இழைகளுக்குள் வாங்கிக்கொள்கிறது. ஆர்.டி.எக்ஸ். எளிதில் ஆவியாகிப் போகிற பொருளும் அல்ல. ஆகவே துணி எதை வாங்கியதோ அதை வைத்திருந்து ஆய்வகத்தில் கொடுத்தது.

இந்தத் துறையில் அடுத்து வந்த முன்னேற்றமும் நம் பக்கத்து ஊரில்தான். அடையாற்றைத் தாண்டினால் ஐ.ஐ.டி. அங்கே பேராசிரியர் பிரதீப்பின் குழு 2012-ல் ஒரு உணரியை உருவாக்கியது. பூப்போன்ற வடிவில் வளர்த்த தங்கத் துகள். அதன்மேல் வெள்ளி அணுக்கொத்துகள் பூச்சு. டி.என்.டி. வெடிமருந்தின் ஒன்பது மூலக்கூறுக்கும் குறைவாக இருந்தால்கூடக் காட்டிக்கொடுக்கும் என்றார்கள். மூலக்கூறை விரல்விட்டு எண்ணுகிற காலம்! கைதட்டலாம். தட்டிவிட்டு ஒரு நிமிடம் யோசிக்கலாம். கருவி இவ்வளவு கூர்மையானால், யார் கையில்தான் எதுதான் இல்லை? கல்குவாரித் தொழிலாளியோடு பஸ்ஸில் உரசியவர் கையில்? ராணுவ முகாமுக்குப் பால் ஊற்றியவர் கையில்? கண்டுபிடிக்கும் திறன் கூடக் கூட, வந்த வழியைக் கேட்கும் பொறுப்பும் கூடுகிறது.

துப்பாக்கிக்கும் இதே கதைதான். சுட்டவன் கையில் ஈயம், பேரியம், ஆண்டிமனி மூன்றும் சேர்ந்த நுண்ணுருண்டைகள் படியும். தோட்டாவின் அடியில் உள்ள தீமூட்டும் கலவையிலிருந்து வருபவை அவை. கையில் சில மணி நேரம்தான் தங்கும். சட்டைக் கைமடிப்பில் அதைவிட அதிக நேரம் தங்கும். இப்போது தீபாவளிக்கு மறுநாள் பாண்டிபஜாரில் ஒருவரைப் பிடித்துக் கையைச் சோதித்தால் என்ன ஆகும்? பட்டாசிலும் பேரியம் உண்டு. ஆண்டிமனியும் ஈயமும்கூட இருந்ததுண்டு. 2017-ல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் ஈயம், ஆண்டிமனி, பாதரசம், ஆர்சனிக், லித்தியம் கூடாது என்றது. அடுத்த ஆண்டு பேரியமும் கூடாது என்றது. மாசுக்காகப் போட்ட ஆணைதான். தடய நிபுணருக்கும் அதனால் கொஞ்சம் நிம்மதி. ஆணையை மீறி வெடிப்பவர்களை நினைத்தால் அந்த நிம்மதியும் பாதிதான்.

இதுவரை சொன்னதெல்லாம் நம் வாழ்க்கைக்குச் சற்று எட்டி நிற்பவை. வெடிகுண்டும் துப்பாக்கியும் எல்லோர் வீட்டு வாசலிலுமா வருகின்றன? இனி வருவது எல்லோர் வாசலுக்கும் வருவது. லஞ்சம்!

காலைப் பத்திரிகையைப் பிரியுங்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது இந்த வாசகம் இருக்கும்: இரசாயனம் தடவிய ரூபாய் நோட்டுகளைக் கொடுத்தனுப்பினர், வாங்கும்போது மறைந்திருந்த போலீசார் கையும் களவுமாகப் பிடித்தனர். பட்டா மாற்றவோ மின் இணைப்புக்கோ வாரிசுச் சான்றிதழுக்கோ அலைந்த ஒருவர் புகார் கொடுத்திருப்பார். 1964 முதல் தமிழ்நாட்டில் இதற்கென்று ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் இருக்கிறது. நாம் லஞ்ச ஒழிப்புத் துறை என்கிறோம். அந்த இரசாயனம் எது? ஏன் அது? அது கையில் ஒட்டியதா இல்லையா என்று எப்படிப் பார்க்கிறார்கள்?

அதன் பெயர் பினாப்தலின். ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் பான் பேயர் 1871-ல் உருவாக்கியது. வெள்ளைத் தூள். மணம் கிடையாது. நெடுங்காலம் மலச்சிக்கலுக்கு மாத்திரையாகக்கூட விற்றார்கள்! பிளஸ் டூ ஆய்வுக்கூடத்தில் அமிலத்தையும் காரத்தையும் அளந்தவர்களுக்கு அது பழைய நண்பன். அமிலத்தில் நிறமில்லை, காரத்தில் இளஞ்சிவப்பு. இவ்வளவுதான் அதன் குணம். ரூபாய் நோட்டில் தடவினால் கண்ணுக்குத் தெரியாது. நம் ரூபாய் நோட்டு பருத்தி இழையில் செய்த தாள். விபூதியை வேட்டி பிடித்ததுபோல இழைகளுக்குள் தூளைப் பிடித்துக்கொள்ளும். எண்ணிப் பார்க்கும் விரல் சும்மாவா எண்ணும்? வியர்வையும் எண்ணெய்ப்பசையும் உள்ள விரல், நோட்டுக்கு நோட்டு தேய்த்துத் தேய்த்து எண்ணும். தூள் ரேகைப் பள்ளத்தில் இறங்கிவிடும். பிறகு அந்த விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில், அதாவது சலவை சோடா கரைத்த நீரில் விடச் சொல்கிறார்கள். நீர் சிவக்கிறது.

வெறும் தண்ணீரில் கழுவிவிட்டால்? பினாப்தலின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. சோப்புப் போட்டால்? சோப்பே காரம், நுரை சிவந்து அங்கேயே காட்டிக்கொடுத்தாலும் கொடுக்கும். வெற்றிலை போடுகிற பழக்கம் உள்ளவர் விரலில் ஈரச் சுண்ணாம்பு இருந்தால் அதிகாரிகள் வருமுன்பே விரல் சிவந்துவிடும். வாங்கியவருக்கு அதைவிடக் கெட்ட நேரம் உண்டா?

தாய்மார்களுக்கு இதில் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வித்தை உங்களுக்குப் புதிதில்லை. கல்யாண வீட்டில் ஆரத்தி கரைக்கிறீர்களே, எப்படிக் கரைக்கிறீர்கள்? மஞ்சள் நீரில் துளி சுண்ணாம்பு. மஞ்சள் எங்கே போயிற்று, சிவப்பு எங்கிருந்து வந்தது? சுண்ணாம்பு காரம், காரம் பட்டால் மஞ்சளின் நிறப்பொருள் சிவக்கும். ஆரத்தித் தட்டிலும் லஞ்சப் பொறியிலும் நடப்பது ஒரே வகை வேதியியல்! ஆகையினாலே ஒரு கேள்வி எழுகிறது. மஞ்சள் குங்குமம் தொட்ட கையோடு அலுவலகம் வந்த ஒருவர் சலவை சோடா நீரில் விரலை விட்டால் நிறம் மாறாதா? மாறும். மஞ்சள் தரும் நிறம் செம்பழுப்பு. பினாப்தலின் தருவது ரோஜாநிறம். பழகிய கண்ணுக்கு வித்தியாசம் தெரியும். அவசரத்தில், அலுவலகக் குழல்விளக்கு வெளிச்சத்தில், எல்லோரும் நெருக்கி நிற்கும்போது தெரியுமா? அதனால்தான் அங்கே சிவந்ததோடு காரியம் முடிவதில்லை. அந்த நீரைப் புட்டியில் ஊற்றி, மூடி, அரக்கு முத்திரை வைத்து, கையெழுத்துப் போட்டு, நீதிமன்றம் வழியாக ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். சிவப்பு பினாப்தலினின் சிவப்புத்தானா என்று ஆய்வகம் சொல்ல வேண்டும்.

இதே பினாப்தலினுக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. ரத்தக்கறையைக் கண்டறியும் காஸில் மேயர் சோதனையில், நிறமிழக்கச் செய்த பினாப்தலினைக் கறையின்மேல் விட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்ப்பார்கள். ரத்தம் இருந்தால் ரோஜாநிறம். முள்ளங்கி நறுக்கிக் கழுவாத கத்தியிலும் அந்த நிறம் வரக்கூடும். பச்சைக் காய்கறிச் சாற்றில் உள்ள நொதி அதே வேலையைச் செய்யும். அடுப்பில் வெந்துவிட்டால் அந்த நொதி செத்துவிடும், ஆகவே சாம்பாருக்குப் பயமில்லை. அதனால்தான் அதைத் தொடக்கநிலைச் சோதனை என்கிறார்கள். அதை மட்டும் வைத்து ரத்தம் என்று தீர்ப்பு எழுத முடியாது.

பொறிக்கு வருவோம். புகார் பதிவானதும் சம்பந்தமில்லாத வேறு அரசு அலுவலகங்களிலிருந்து இரண்டு பேரைச் சாட்சியாக வரவழைக்கிறார்கள். நோட்டுகளின் எண்களை எழுதிக்கொள்கிறார்கள். தூளைத் தடவுகிறார்கள். சாட்சிகளின் கண்முன்னே செய்துகாட்டுகிறார்கள்: வெறும் விரலை விட்டால் கரைசல் சிவக்காது, நோட்டைத் தொட்ட விரலை விட்டால் சிவக்கும். அந்தக் கரைசலைக் கொட்டிவிட்டு, தொட்டவர் கையை நன்றாகக் கழுவவேண்டும். புகார்தாரர் சட்டைப்பையில் நோட்டை வைத்து, லஞ்சம் கேட்ட அதிகாரி மறுபடி கேட்டால் மட்டும் எடுத்துக் கொடு, நீயாகக் கொடுக்காதே என்று சொல்லி அனுப்புகிறார்கள். கூடவே ஒரு சாட்சி. அவர் பேச்சைக் கேட்க வேண்டும், கொடுத்ததைப் பார்க்க வேண்டும். பணம் கைமாறியதும் முகத்தைத் துடைப்பதுபோல ஒரு சைகை. மறைந்திருந்த போலீசார் உள்ளே வருகிறார்கள். புதிதாகக் கரைசல் தயாரித்து வலக்கையைத் தனியாக, இடக்கையைத் தனியாகக் கழுவவைக்கிறார்கள். பணம் சட்டைப்பையில் இருந்தால் பையின் உட்பக்கத்தையும் நனைத்துப் பார்க்கிறார்கள். நடந்தது எல்லாவற்றையும் மகஜரில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள்.

இவ்வளவு ஏன்? ஒவ்வொரு படியும் ஒரு ஓட்டையை அடைக்கிறது. தூள் தடவியவரே கரைசலையும் கலக்கினால்? அவர் விரலிலிருந்து தம்ளருக்கு, தம்ளரிலிருந்து கரைசலுக்கு! யார் கையை விட்டாலும் சிவக்கும். புகார்தாரர் உள்ளே போனதும் வணக்கம் சொல்லிக் கையைப் பிடித்துக் குலுக்கினால்? பணத்தைத் தொடாத கையும் சிவக்கும். அதிகாரி எழுந்துபோன நேரத்தில் மேசை இழுப்பறையில் பணத்தைப் போட்டுவிட்டு வந்தால்? வந்து உட்கார்ந்தவர், என்ன இது என்று எடுத்துப் பார்த்தால்? அப்போதும் சிவக்கும். வேண்டாம் ஐயா என்று தள்ளிவிட்டாலும் சிவக்கும். கரைசலுக்கு வாங்கிய கையும் தள்ளிய கையும் ஒன்றுதான்.

பரப்பைப் பார்த்தால் சில சமயம் வித்தியாசம் தெரியும். எண்ணிய கை என்றால் கட்டைவிரல் நுனியிலும் ஆள்காட்டி விரல் நுனியிலும் தூள் இருக்க வேண்டும். தள்ளிய கை என்றால் புறங்கையிலோ உள்ளங்கை ஓரத்திலோ இருக்க வேண்டும். ஆனால் முழுக் கையையும் ஒரே தம்ளரில் முக்கிவிட்டால் அந்தக் கதை கரைந்துபோய்விடுகிறது. எந்த விரலில் இருந்தது என்று யார் சொல்ல முடியும்? என் அபிப்பிராயம் இது: நாம் இந்தச் சோதனையை இன்னும் பழைய முறையிலேயே செய்துகொண்டிருக்கிறோம். விரல் நுனியைத் தனியாக, உள்ளங்கையைத் தனியாகப் பஞ்சில் ஒற்றி எடுத்தால் என்ன? செலவு அதிகமா? பஞ்சுக்கு என்ன விலை?

நீதிமன்றங்கள், ஒட்டவைத்தது யார் என்ற அந்த நாலாவது கேள்வியை விடாமல் கேட்டுவந்திருக்கின்றன. ஜெயராஜ் என்பவருக்கும் ஆந்திர அரசுக்கும் இடையிலான வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: பணம் கைப்பற்றப்பட்டது மட்டும் போதாது, லஞ்சம் கேட்டார் என்பது நிரூபணமாக வேண்டும். அந்த வழக்கில் புகார்தாரரே சாட்சிக் கூண்டில் ஏறிப் பிறழ்ந்துவிட்டார். அப்படியானால் புகார்தாரர் இறந்துபோனாலோ பயந்து மாறிவிட்டாலோ வழக்கே விழுந்துவிடுமா? இதற்காக ஐந்து நீதிபதிகள் அமர்ந்து, நீரஜ் தத்தா வழக்கில் 2022 டிசம்பர் 15 அன்று பதில் சொன்னார்கள். கேட்டதும் வாங்கியதும் நிரூபிக்கப்பட்டே ஆகவேண்டும். ஆனால் புகார்தாரர் வாயால்தான் வரவேண்டும் என்பதில்லை, பிற சாட்சிகளாலும் சூழ்நிலைச் சான்றுகளாலும் நிரூபிக்கலாம் என்றார்கள். அந்த ஐவரில் ஒருவர் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன். நம் மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியில் வேதியியல் படித்தவர். பிப்பெட்டைப் பிடித்த கை தீர்ப்பில் கையெழுத்திட்டது என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

சிவந்த கையைப் படத்தில் பார்த்ததும் நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பஸ்ஸில் எழுதுகிறோம், டீக்கடையில் எழுதுகிறோம். நோட்டும் இந்தக் கையும் சந்தித்தன என்பதற்கு அந்தச் சிவப்பு உறுதியான சாட்சி. கேட்டு வாங்கினாரா என்பதற்கு அங்கே நின்ற மனிதர்தான் சாட்சி. அந்த மனிதர் யார்? பல சமயம் உங்களைப் போன்ற ஒருவர். பொதுப்பணித் துறையிலோ வேளாண் துறையிலோ கோப்புப் பார்த்துக்கொண்டிருந்தவர். காலையில் மேலதிகாரி கூப்பிட்டு, இன்ன அலுவலகத்துக்குப் போய் ஆஜராகு என்றிருப்பார்.

நடுவே, பணம் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2018-ல் சட்டம் மாறிவிட்டது. லஞ்சம் கொடுப்பதும் இப்போது குற்றம். கட்டாயப்படுத்தினார்கள் என்று கொடுத்திருந்தால் ஏழு நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். முன்கூட்டியே போலீசுக்குச் சொல்லிவிட்டுப் பொறிக்காகக் கொடுப்பவர்மேல் குற்றம் வராது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அரங்கில் அரசு ஊழியர்கள் பலர் இருப்பது தெரிகிறது. நாளைக்கு உங்களில் ஒருவருக்கு, சாட்சியாக வரச்சொல்லும் அந்த அழைப்பு வரலாம். வந்தால் என்ன பார்க்க வேண்டும்? தூள் தடவியவர் யார் என்று பாருங்கள். அவர் கை கழுவினாரா என்று பாருங்கள். கரைசல் கலக்கியவர் வேறு ஆளா என்று பாருங்கள். அதிகாரியின் கையை விடுமுன் கரைசல் நிறமில்லாமல் இருந்ததா, உங்கள் கண்ணால் பார்த்தீர்களா? எந்தக் கை முதலில் சிவந்தது? பணம் எங்கே இருந்தது: கையிலா, பையிலா, இழுப்பறையிலா, கோப்புக்கு அடியிலா? உள்ளே போனவரும் அதிகாரியும் பேசிய சொற்கள் என்ன? கொடு என்றாரா, கொண்டுவந்தாயா என்றாரா, ஒன்றுமே சொல்லாமல் கண்ணைக் காட்டினாரா? மகஜரில் அப்படியே எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சார், சீக்கிரம் போடுங்க, நேரமாச்சு என்பார்கள். ஆகட்டும், படித்துவிட்டே போடுங்கள்.

சில ஆண்டுகள் கழித்து சம்மன் வரும். கூண்டில் நிற்பீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முத்திரை வைத்த அந்தப் புட்டியைத் தூக்கிப் பிடித்து, சார், இதில் சிவப்பு எங்கே என்று கேட்பார். பார்த்தால் வெறும் தண்ணீராகத்தான் இருக்கும். நாள்பட நாள்பட அந்த நிறம் வெளுத்துவிடுவது உண்டு. பதறாதீர்கள். அன்று சிவந்தது, நான் பார்த்தேன் என்று மட்டும் சொல்லுங்கள். ஏன் வெளுத்தது, திரும்ப எப்படிச் சிவக்கவைப்பது என்பதைக் காமராஜர் சாலையிலிருந்து வரும் நிபுணர் சொல்லிக்கொள்வார். பார்க்காததை, பாவம் என்றோ கோபம் என்றோ சேர்த்துச் சொல்லிவிடாதீர்கள்.